உடம்பாகிய ஆலயமும் அதன் மணியோசையும்

முன்னுரை

ஆலயத்திலே மணி ஒலிக்கும்போது அடியார்கள் பேச்சை நிறுத்தி எழுந்து நிற்கின்றனர். பூசை ஆரம்பமாகிறது என்றோ தீபாராதனை நடைபெறுகிறது என்றோ அந்த ஓசை அறிவிக்கின்றது. மணி ஒலித்தும் கவனியாது இருப்பவர் தரிசனத்தைத் தவற விடுகின்றார்.

மனித உடம்பும் ஓர் ஆலயமே என்பது சைவப் பெரியோர் கண்ட உண்மை. இந்த ஆலயத்துக்குள்ளும் மணிகள் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. பசி, தாகம், களைப்பு, மூச்சு வாங்குதல், நெஞ்சுப் படபடப்பு, வயிற்று உளைவு, குளிர், வெப்பம், தூக்கம் என்பன யாவும் உள்ளிருந்து வரும் அறிவிப்புகளாகும். இவற்றைக் கேட்கவும், கேட்டதை மதிக்கவும், மதித்தபடி தக்க நேரத்தில் நடக்கவும் தெரிந்திருப்பது உயிர் காக்கும் கல்வியாகும். பாடசாலையில் வாசிக்கவும் எழுதவும் கற்ற பலர், தமது உடம்பு சொல்வதை வாசிக்கக் கற்பதில்லை. அக்கல்வியின் அடிப்படைகளைச் சமய நோக்கிலும் மருத்துவ நோக்கிலும் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சைவ மரபில் உடம்பின் பெருமை

உடம்பை இழிவென ஒதுக்குவது சைவ மரபு அன்று. பத்தாம் திருமுறையாகிய திருமந்திரத்தை அருளிய திருமூல நாயனார், முன்னர் உடம்பைக் குறையுடையதென எண்ணியிருந்ததாகவும், அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதனைப் பேணிக் காத்ததாகவும் கூறுகின்றார். அவரது நூலின் மூன்றாம் தந்திரம் மூச்சை அறிந்து நெறிப்படுத்தும் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கின்றது. வெளியே அலையும் கவனத்தை உள்ளே திருப்புவது அந்த யோகத்தின் ஒரு படி.

தைத்திரீய உபநிடதம் மனிதனை ஐந்து கோசங்களாகக் காண்கின்றது. அன்னமய கோசம், பிராணமய கோசம், மனோமய கோசம், விஞ்ஞானமய கோசம், ஆனந்தமய கோசம் என்பன அவை. ஆனந்தத்தை நாடுபவனும் அன்னத்தாலாகிய உடம்பிலிருந்தே பயணத்தைத் தொடங்க வேண்டும் என்பது இவ்வரிசையிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில் மருந்துகளின் பெயர்களைப் பட்டியலிடவில்லை. முன்னர் உண்டது செரித்ததை அறிந்து, நன்றாகப் பசித்த பின், அளவறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டியதில்லை என்றே அவர் வலியுறுத்துகின்றார். செரித்ததை அறிவது எவ்வாறு? கடிகாரம் அதனைச் சொல்லாது. வயிறு சொல்லும். உள்ளுணர்வைக் கவனிப்பவனே வள்ளுவர் கூறும் அந்த அறிவைப் பெறுகின்றான்.

அடக்கத் தகாதவையும் அடக்க வேண்டியவையும்

சித்த மருத்துவம் உடம்பில் இயல்பாக எழும் உந்துதல்களைப் பதினான்கு வேகங்கள் என வகுத்துள்ளது. பசி, நீர்வேட்கை, நித்திரை, தும்மல், கொட்டாவி, இருமல், வாந்தி, கண்ணீர், மலம், சிறுநீர், கீழ்வாயு, இளைப்பு, மூச்சு முதலியன இவற்றுள் அடங்கும். இவற்றை வலிந்து அடக்கினால் நோய் தோன்றும் என்பது சித்தர் கொள்கை.

ஆயுள்வேதத்தின் முதனூல்களில் ஒன்றாகிய சரக சம்ஹிதையும் சூத்திரஸ்தானம் ஏழாம் அத்தியாயத்தில் இத்தகைய பதின்மூன்று வேகங்களைக் கூறுகின்றது. அதே அத்தியாயம் அடக்கப்பட வேண்டிய வேகங்களையும் கூறுவது சிந்திக்கத்தக்கது. பேராசை, அச்சம், சினம், செருக்கு, பொறாமை ஆகிய மனத்தின் வேகங்களை அடக்க வேண்டும். உடம்பின் வேகங்களை அடக்கக் கூடாது என்பது அதன் தீர்ப்பு.

நடைமுறை வாழ்க்கையிலோ இது பெரும்பாலும் தலைகீழாகவே இருக்கின்றது. சினம் வந்தால் உடனே கொட்டி விடுகின்றோம். சிறுநீர் வந்தால் மாலை வரை அடக்கி வைக்கின்றோம். வயலில் நாற்று நடும் பெண்களும் மலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களும் மறைவிடம் இல்லாத காரணத்தால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்கின்றனர். இதனால் சிறுநீர்த் தொற்று எளிதில் உண்டாகின்றது. இதனை அப்பெண்களின் குற்றம் என்று கூற முடியாது. உடம்பின் வேகத்தை அடக்க வேண்டிய நிலையில் எவரும் இல்லாதவாறு வேலைத்தலங்களிலும் ஆலய வளாகங்களிலும் மலசலகூட வசதி அமைத்துக் கொடுப்பது அறப்பணியாகும். திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் அமைப்பது எவ்வளவு புண்ணியமோ, இதுவும் அவ்வளவு புண்ணியமே.

அலுவிகாரையில் எழுதப்பட்ட பாடம்

உள்ளுணர்வைக் கவனிக்கும் கல்விக்கும் மாத்தளை மண்ணுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. அதுவரை வாய்மொழியாகப் பேணப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் மாத்தளை அலுவிகாரையில் ஏட்டில் எழுதப்பட்டது என்பது வரலாறு. அத்தொகுப்பில் அடங்கும் சதிபட்டான சூத்திரம், உள்ளே செல்லும் மூச்சையும் வெளியே வரும் மூச்சையும் அறிதல், உடம்பின் நிலைகளை அறிதல், இன்ப துன்ப உணர்ச்சிகளை அவை எழும்போதே அறிதல் என்பவற்றைக் கற்பிக்கின்றது. சைவரும் பௌத்தரும் அயலவர்களாக வாழும் இம்மாவட்டத்தில், இரு சமயங்களும் மூச்சைக் கவனி என்று ஒரே இடத்தில் தொடங்குவது மகிழ்ச்சிக்குரியது.

விஞ்ஞானம் கண்டது

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என ஐம்புலன்கள் உண்டென்பதைச் சிறு பிள்ளையும் அறியும். இவை பெரும்பாலும் வெளியுலகை அறிவிப்பன. உடம்பின் உள்ளுலகை அறியும் உணர்வுக்கு 1906ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நரம்பியல் அறிஞர் சார்ள்ஸ் ஷெரிங்டன் தனிப் பெயர் சூட்டினார். தமிழில் அதனை உட்புலன் எனலாம். அவர் 1932இல் நோபல் பரிசு பெற்றவர்.

இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகிய உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் முக்கிய பாதை பத்தாவது மண்டையோட்டு நரம்பாகும். மூளை உறுப்புகளுக்குக் கட்டளையிடவே அந்த நரம்பு இருப்பதாகப் பலர் நினைப்பர். உண்மையில் அதன் நார்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்கு உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி ஏற்றிச் செல்பவையே. சொல்வதைவிடக் கேட்பதற்கே இயற்கை அதிக வழி அமைத்திருக்கின்றது. வந்து சேரும் செய்திகள் மூளையின் ஆழத்தில் உள்ள இன்சுலா என்னும் பகுதியில் ஒன்றிணைந்து, பசிக்கிறது, களைக்கிறது, ஏதோ சரியில்லை என்னும் உணர்வாக வெளிப்படுகின்றன.

2021ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய இருவருக்கும் வழங்கப்பட்டது. வெப்பத்தையும் தொடுகையையும் அழுத்தத்தையும் அறியும் நுண்ணிய வாயில்களை உடற்கலங்களில் கண்டறிந்தமைக்காகவே அப்பரிசு கிடைத்தது. சிறுநீர்ப்பை நிறைந்ததை உணர்த்துவதிலும் இவ்வாயில்களுள் ஒருவகைக்குப் பங்குண்டு.

எல்லோருக்கும் உட்புலன் ஒரே கூர்மையுடன் அமைவதில்லை. 1981இல் ஜெர்மனிய ஆய்வாளர் ரெய்னர் ஷாண்ட்ரி, நாடியைத் தொடாமலே தமது இதயத் துடிப்பை எண்ணுமாறு மக்களைக் கேட்டார். சிலர் ஏறத்தாழச் சரியாக எண்ணினர்; சிலர் வெகுவாகத் தவறினர். 2015இல் சேரா கார்பிங்கல் முதலிய பிரித்தானிய ஆய்வாளர்கள் மேலும் ஒரு வேறுபாட்டை எடுத்துக் காட்டினர். உடம்பைச் சரியாக உணர்வது ஒன்று. சரியாக உணர்வதாக நம்புவது இன்னொன்று. எனக்கு என் உடம்பைத் தெரியும் என்று உறுதியாகச் சொல்பவர் எப்பொழுதும் சரியாக இருப்பார் என்பதில்லை. ஆகவே உள்ளுணர்வை மதிக்கவும் வேண்டும், அதனைச் சோதித்துப் பார்க்கவும் வேண்டும்.

வலி என்னும் காவலாளி

உள்ளிருந்து வரும் அறிவிப்புகளுள் எவரும் விரும்பாதது வலி. வலியே இல்லாத வாழ்வு கிடைத்தால் எவ்வளவு நன்று என்று பலரும் எண்ணுவர். அத்தகைய வாழ்வு எப்படி இருக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் கண்டறிந்தவர் வைத்தியர் போல் பிராண்ட்.

1914ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்த இவர், லண்டனில் மருத்துவம் பயின்று 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணிபுரிய வந்தார். அக்காலத்தில் தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாகவே அழுகி விழுந்து விடும் என்று மக்கள் மட்டுமன்றி வைத்தியர்கள் பலரும் நம்பினர். பிராண்ட் நோயாளரின் கைகளை ஆராய்ந்தபோது தசை அழுகவில்லை என்பதைக் கண்டார். அப்படியானால் விரல்கள் எங்கே போயின?

அவர் நோயாளரின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து கவனித்தார். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் முயன்றபோது, தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் ஓடிவந்து சாவியைத் திருப்பித் திறந்து கொடுத்தான். பார்த்தபோது அவனது விரல் எலும்பு தெரியும்வரை வெட்டுண்டிருந்தது. அவனுக்கோ அது தெரியவே இல்லை. சில நோயாளரின் விரல்கள் இரவோடிரவாகக் குறைந்து போவதற்குக் காரணம், உறங்கும்போது எலிகள் வந்து கடிப்பதே என்பதும் தெரியவந்தது. வலி இல்லாததால் அவர்கள் விழிக்கவில்லை. அதன்பின் நோயாளருக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன.

நோய் நரம்பை மரக்கச் செய்தது. மரத்துப்போன கையைக் காக்க ஆளில்லாமற் போனதே விரல்களை அழித்தது. இவ்வுண்மையை நிலைநாட்டியதோடு, மடங்கிப் போன கைகளைச் சத்திரசிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்தும் பிராண்ட் புகழ்பெற்றார். 1966இல் அமெரிக்காவுக்குச் சென்றபின், வலி உணராதவர்களுக்குச் செயற்கை வலி அமைப்பொன்றை உருவாக்க முயன்றார். கையுறையில் உணர்கருவி பொருத்தி, அழுத்தம் மிகும்போது ஓசை எழச் செய்தார். நோயாளர் அந்த ஓசையைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் சிறு மின்னதிர்ச்சி தரும்படி செய்தார். வேலை தடைப்படும்போது அவர்கள் கருவியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தனர். இறுதியில் அம்முயற்சி கைவிடப்பட்டது. மனிதன் அணைத்து வைக்க முடியாதபடி இறைவன் அமைத்த மணியே வலி என்பது இதனால் விளங்கும். 2003இல் காலமாகும்வரை வலியை ஒரு கொடை என்றே அவர் போதித்து வந்தார்.

இந்த வரலாறு இன்றைய அடியார்களுக்கும் நெருக்கமானது. நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களின் பாதங்களும் இவ்வாறே மரத்துப் போவதுண்டு. நண்பகல் வெயிலில் சூடேறிய வெளிவீதியில் வெறுங்காலுடன் வலம் வரும்போது, மற்றவர்கள் சூடு தாங்காமல் ஓரமாக ஒதுங்குவர். நீரிழிவாளர் ஒதுங்கமாட்டார். அவருடைய பக்தி கூடியதால் அன்று, பாதம் அறிவிக்காததால். மாலையில் கொப்புளம், சில நாட்களில் புண், பின்னர் விரலையே அகற்ற வேண்டிய நிலை என்று அது வளரக்கூடும். இத்தகையோர் காலை அல்லது மாலையில் வலம் வருவதும், வீடு திரும்பியதும் பாதங்களைக் கழுவி விரலிடுக்குகளைக் கண்ணால் பார்ப்பதும், தமக்குப் பார்க்க இயலாவிடின் பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்வதும் அவசியம். தீமிதிப்பில் இறங்குவதை அவர்கள் தவிர்க்க வேண்டும். தோலில் வெளிறிய தேமல் போன்று தோன்றி, அவ்விடத்தில் தொட்டாலும் உணர்வு குறைவாக இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தொழுநோய்க்கு இலங்கையில் இலவசச் சிகிச்சை உண்டு. அது முற்றாகக் குணமாகக் கூடியது.

அப்பர் பெருமானின் சூலை

வயிற்றினுள் எழுந்த வலியைக் கொண்டு வாழ்வே திரும்பிய வரலாறு சைவ உலகில் பெரிதும் போற்றப்படுவது. சமணப் பள்ளியில் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றிருந்த மருள்நீக்கியாரைச் சூலை நோய் பற்றியது. அங்கிருந்தோர் செய்த பரிகாரங்கள் பயனளிக்கவில்லை. அவர் தமது துன்பத்தைத் தமக்கையார் திலகவதியாருக்குச் சொல்லி அனுப்பினார். பின்னர் திருவதிகைக்குச் சென்று, தமக்கையார் அளித்த திருநீற்றை அணிந்து, வீரட்டானேசுவரரைப் பாடிப் பிணி நீங்கித் திருநாவுக்கரசர் ஆனார். அவரது முதற் பதிகம் வயிற்று வலியையே இறைவனிடம் முறையிடுகின்றது.

இவ்வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெரும் பதவியில் இருந்தும் அவர் வலியை மறைக்கவில்லை. வெட்கப்படவில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொன்னார். அந்தத் தமக்கையாரும் அலட்சியம் செய்யாமல் ஏற்றுக்கொண்டார். இன்று எத்தனை வீடுகளில் அம்மா தமது நெஞ்சு நோவை மூன்று மாதமாக மறைக்கின்றார்! செலவு வரும், பிள்ளைகளின் படிப்பு கெடும், அறுவடை முடியட்டும் என்று எத்தனை அப்பாக்கள் ஒத்திப் போடுகின்றனர்! சொல்பவரும் வேண்டும், கேட்பவரும் வேண்டும். நாவுக்கரசருக்கு ஒரு திலகவதியார் இருந்ததுபோல ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருக்க வேண்டும்.

இறைவனிடம் முறையிடுவது வைத்தியத்தை விலக்குவது ஆகாது. திருநீறு அணிந்து, அம்மனை வேண்டி, அன்றே வைத்தியசாலைக்கும் செல்வதே முறை.

பல்லேகமவில் கேட்க வேண்டிய மணிகள்

நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தே, வயலும் ஓடையும் காடும் சூழ்ந்த லக்கல-பல்லேகம பிரதேசத்தில் வாழ்வோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய அறிவிப்புகள் சில உள்ளன.

முதலாவது, எலிக்காய்ச்சல். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோய் பெருமளவில் பரவியபோது 7,000க்கும் அதிகமானோர் நோயுற்றதாகச் சந்தேகிக்கப்பட்டு, ஏறத்தாழ 200 பேர் உயிரிழந்தனர். அப்போது கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. எலி, மாடு, எருமை ஆகியவற்றின் சிறுநீர் கலந்த சேற்று நீரிலிருந்து, காலில் உள்ள சிறு காயங்களின் வழியே கிருமி உட்புகுகின்றது. காய்ச்சலுடன் தசை நோவு, சிறப்பாகக் கெண்டைக்காலில் நோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் என்பன இதன் அறிகுறிகள். வயலில் வேலை செய்தவருக்குக் கால் நோவது இயல்புதானே என்று விட்டுவிடுவதே இங்கு ஆபத்து. வேலைக் களைப்பால் வரும் நோவு ஓய்வெடுத்தால் குறையும்; காய்ச்சலோடு வரும் நோவு குறையாது. இவ்வேறுபாட்டை உணர்ந்து, வயலில் இறங்கியதையும் சொல்லி, உடனே வைத்தியரை நாட வேண்டும். போகம் தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுத் தடுப்பு மருந்தைப் பெற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது, இரவில் எழும் வயிற்று வலி. சிங்கள மக்கள் தெல் கரவலா என அழைக்கும் கட்டுவிரியன், இரவில் நிலத்தில் படுத்து உறங்குவோரைக் கடிப்பதுண்டு. கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. அடையாளமும் தெரியாமற் போகலாம். விழித்தெழும்போது வயிற்று வலி, பின்னர் கண்ணிமை தாழ்தல், விழுங்க முடியாமை, மூச்சு முட்டுதல் என விடம் ஏறும். நிலத்தில் உறங்கியவருக்கு அதிகாலையில் காரணமின்றி வயிறு வலித்து, இமையும் கனத்தால், அதனை அசீரணம் என எண்ணிக் கசாயம் கொடுத்துக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். கட்டிலில் படுப்பதும், நுளம்பு வலையைப் பாயின் கீழ் செருகுவதும் நல்ல பாதுகாப்பு.

மூன்றாவது, வாய்வு என்று தள்ளப்படும் மாரடைப்பு. நெஞ்சை இறுக்குதல், பாரம் ஏற்றியது போன்ற உணர்வு, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, மேல்வயிற்று எரிவு, குளிர்ந்த வியர்வை என்பன தோன்றினால் இஞ்சித் தேநீர் குடித்துக் காத்திருத்தல் கூடாது. பெண்களுக்கும் முதியோருக்கும் நீரிழிவாளருக்கும் நெஞ்சு நோவே இல்லாமல் கடும் களைப்பும் மூச்சு வாங்குதலும் மட்டும் தோன்றலாம். 2016இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட 1990 இலவச அம்புலன்ஸ் சேவையைத் தயங்காமல் அழைக்க வேண்டும்.

நான்காவது, டெங்கு. இங்கு உடம்பு ஒரு முறை ஏமாற்றும். காய்ச்சல் குறைந்ததும் சுகம் வந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் ஆபத்தான காலம் அப்போதுதான் தொடங்கக்கூடும். காய்ச்சல் விட்டபின் வயிற்று வலி, தொடர் வாந்தி, சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியன இருந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நோவைச் சொல்லத் தெரிதல்

உணர்ந்ததைச் சொல்லத் தெரியாவிட்டால் உணர்ந்தும் பயன் குறைவு. எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, எப்படிப்பட்ட நோவு, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்னும் ஆறு கேள்விகளுக்கும் விடையை யோசித்துக்கொண்டே வைத்தியரிடம் செல்ல வேண்டும். தமிழில் குத்து, உளைவு, எரிவு, கடுப்பு, விறைப்பு, இறுக்கம், இழுப்பு என நோவுக்குப் பல சொற்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் வைத்தியருக்கு வெவ்வேறு தடயம். மேலெல்லாம் சுகமில்லை என்று மட்டும் சொன்னால் அத்தடயங்கள் மறைந்துவிடும்.

சிங்களம் பேசும் வைத்தியரிடம் செல்லும்போது சொல் கிடைக்காமல் தடுமாறும் முதியோர் பலர். நெஞ்சு நோகிறது என்பதற்குப் பபுவ ரிதெனவா என்றும், வயிறு நோகிறது என்பதற்குப் பட ரிதெனவா என்றும், மூச்செடுக்கக் கடினம் என்பதற்கு ஹுஸ்ம கன்ன அமாருய் என்றும் சொல்லப் பழகிக்கொள்ளலாம். நோகும் இடத்தைக் கையால் காட்டுவதும் நல்லது. இளைஞர் மன்றத்தினர் முதியோருடன் துணையாகச் சென்று மொழிபெயர்த்து உதவினால் அது சிறந்த சரியைத் தொண்டாகும்.

மணி ஒலிக்காத நோய்கள்

உடம்பு எல்லாவற்றையும் அறிவிக்கும் என்று நம்பி இருந்துவிடவும் முடியாது. உயர் குருதி அமுக்கம் பல ஆண்டுகள் எந்த உணர்வும் தராமல் இருக்கக்கூடும். நீரிழிவின் தொடக்கமும் அவ்வாறே. 1990களில் வட மத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்டு, மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவ போன்ற பகுதிகளையும் பாதித்த நாட்பட்ட சிறுநீரக நோய், சிறுநீரகம் பெரும்பங்கு பழுதடையும்வரை மௌனமாகவே இருக்கும். எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று விவசாயி சொல்வது உண்மைதான். ஆனால் அந்த உண்மை போதாது.

ஆதலால் 35 வயதைக் கடந்தவர்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் குருதி அமுக்கம், சீனி என்பவற்றைக் காலத்துக்குக் காலம் சோதித்துக்கொள்ள வேண்டும். மாத்திரை எடுப்பவர்கள், சுகமாக இருக்கிறது என்ற உணர்வை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. அந்தச் சுகம் மாத்திரையால் வந்தது. உடம்பு பேசும்போது கேட்பதும், பேசாதபோது கேட்டு அறிவதும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே முழுமையான அறிவு.

அச்சத்தின் குரலும் உடம்பின் குரலும்

இதற்கு மறுபுறமும் உண்டு. சிலர் சிறு துடிப்பு எழுந்தாலும் பெருநோய் என்று நடுங்குகின்றனர். அச்சம் எழும்போது இதயம் வேகமாகத் துடிக்கும். அத்துடிப்பைக் கண்டு அச்சம் மேலும் கூடும். அச்சம் கூட மீண்டும் துடிப்பு கூடும். இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும் சுழலில் அகப்பட்டவர் உண்மையாகவே வேதனைப்படுகின்றார். அவரைப் பேய் பிடித்ததென்றும் நடிப்பென்றும் சொல்வது தவறு. முதலில் வைத்தியர் பரிசோதித்து நோயில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அதன்பின் அத்துடிப்பை எதிரியாகக் கருதாது, வந்து போகும் அலையாகக் கவனிக்கப் பழகலாம். வெளிமூச்சை உள்மூச்சைவிட நீளமாக விடும்போது இதயத் துடிப்பு தணிகின்றது. துக்கம் நெஞ்சை அடைப்பதும், கவலை வயிற்றைப் பிசைவதும் உடம்பின் மொழியே. அவற்றை உறவினரிடமும் வைத்தியரிடமும் மனம்விட்டுச் சொல்வது நன்று.

வழிபாட்டில் பயிற்சி

உட்புலனைக் கூர்மையாக்க ஆலய வழிபாடே சிறந்த பயிற்சிக்களம். கொடிமரத்தின் முன் வீழ்ந்து வணங்கி எழுந்தபின் ஓரிடத்தில் அமர்ந்து, ஐந்தெழுத்தை மனத்தில் நிறுத்தி, மூச்சு வந்து போவதைச் சில நிமிடங்கள் கவனிக்கலாம். பின்னர் பாதம் முதல் தலை வரை கவனத்தை மெல்லக் கொண்டு சென்று, எங்கே இறுக்கம், எங்கே நோவு, எங்கே இதம் என்று அறியலாம். எதையும் மாற்ற முயல வேண்டியதில்லை, அறிந்தால் போதும்.

விரதமும் ஓர் உயர்ந்த கல்வி. கந்தசஷ்டி, சிவராத்திரி நாட்களில் உண்மைப் பசியையும் நாவின் ஆசையையும் பிரித்தறிய விரதம் கற்பிக்கின்றது. ஆயினும் நீரிழிவுக்கு மருந்தெடுப்போர் வைத்தியரிடம் கேட்டே விரதம் இருக்க வேண்டும். விரதத்தின்போது கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைச்சுற்று தோன்றினால் சீனி குறைந்துவிட்டது என்பதே பொருள். உடனே இனிப்பு நீர் அருந்த வேண்டும். அதனால் விரதம் பங்கமாகும் என அஞ்ச வேண்டியதில்லை. அம்பாள் தம் பிள்ளை மயங்கி விழுவதை விரும்பமாட்டாள்.

திருவிழா நெரிசலில் நெடுநேரம் நிற்பவருக்குக் கண் இருளுதல், குமட்டல், குளிர்ந்த வியர்வை என்பன மயக்கத்துக்கு முன் வரும் அறிவிப்புகள். பக்கத்தில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று எண்ணாமல் அவ்விடத்திலேயே அமர்ந்துவிட வேண்டும். பாற்குடமும் காவடியும் எடுப்போர் போதிய நீர் அருந்தி, உடம்பின் அளவறிந்தே நேர்த்தியை நிறைவேற்ற வேண்டும்.

முடிவுரை

உடம்பின் அறிவிப்புகளைக் கவனித்தல், மதித்தல், உரியவரிடம் சொல்லுதல், சோதித்து உறுதிசெய்தல் என்னும் நான்கு படிகளையும் ஒவ்வொரு குடும்பமும் பழக வேண்டும். பிள்ளை வயிறு நோகிறது என்றால், பாடசாலைக்குப் போகாமலிருக்கப் பொய் சொல்கிறாய் என்று அதட்டுமுன் ஒரு தடவை அமர்ந்து கேட்க வேண்டும். தன் உடம்பு சொன்னதைப் பெரியவர்கள் நம்பினார்கள் என்று கண்ட பிள்ளையே, வளர்ந்தபின் தன் உடம்பையும் பிறர் துன்பத்தையும் மதிக்கும். பாட்டி கால் விறைக்கிறது என்றால் வயதானால் அப்படித்தான் என்று தள்ளிவிடாமல் அந்தக் காலை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கல்லாலான ஆலயத்துக்குக் காலத்துக்குக் காலம் திருப்பணியும் கும்பாபிஷேகமும் செய்கின்றனர் அடியார்கள். தசையாலும் குருதியாலும் ஆகிய ஆலயத்துக்கு நாள்தோறும் திருப்பணி வேண்டும். அதனுள் ஒலிக்கும் மணிக்குச் செவி சாய்ப்பதே அத்திருப்பணியின் தொடக்கமாகும். எல்லாம் வல்ல பரம்பொருளின் திருவருளால் பல்லேகம வாழ் அடியார்கள் அனைவரும் நோயற்ற வாழ்வும் நிறைந்த ஆயுளும் பெற்று வாழ்வார்களாக.